ஊர் கிளம்பாமல் இருக்க ஆடிய ஆட்டம்

என் மகனுக்கு நைனா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, எல்லையோர நகரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது, சுகந்தியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னதும் நான் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். பேத்தி அவ்வளவு தூரம் போகிறாளே என்று கிழவனுக்கு வருத்தம் என நீ நினைத்துக்கொண்டாய். உன் அம்மாவும் அப்படிச் சொல்லித்தான் சமாளித்தாள். அன்றிலிருந்து அவள் பிள்ளையார்பாளையம் முழுக்க, பக்கத்து வீட்டுத் தறிக்காரர் முதல் பால்காரர் வரைக்கும், "எம் புள்ள செஞ்ச ராக்கெட்டுதான் அந்த ஊருக்கே காவலு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை நான் இத்தனை வருஷமாக அவளிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து வாதம் பண்ணுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். எழுதினால் குறுக்கே பேச முடியாதல்லவா. நான் காவலுக்கு நிற்கிற பட்டுக்கடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் கிடையாது. வாசலில் என் ஸ்டூலில் உட்கார்ந்து நாலு நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ அனுப்பிய கம்பெனி அறிக்கையை மூன்று முறை படித்தேன். ஏவுகணைக் கருவியைச் செய்தவர்களே தங்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு அந்த ஊரில் வந்து குடியிருப்பதைப் பார்த்தால் ஜனங்களுக்குத் தைரியம் வரும், யாரும் ஊரைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள் என்று அதில் போட்டிருக்கிறது. முதல் வாரமே பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் நீயும் சுகந்தியும் குழந்தை மதியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் தூரத்தில் ஏவுகணை வண்டி தெரிய வேண்டும். இதை நீ பெருமையாகத்தான் அனுப்பியிருந்தாய். அதற்குக் கீழேயே சுகந்தி, "மாமா, போட்டோவுக்கு எந்தக் கலர் பட்டு எடுப்பா இருக்கும், உங்க கடைல பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள். நல்ல பெண், அவளுக்கு என்ன தெரியும். நானும் அரக்கில் பச்சை பார்டர் போட்ட ஒன்றை எடுத்து விரிக்கச் சொல்லிப் பார்த்தேன்.  மடித்து அலமாரியிலேயே வைத்துவிடச் சொன்னேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். கோபம்தான். அதில் கொஞ்சம் உன் மேல், மிச்சமெல்லாம் என் மேல்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது மொட்டைமாடியில் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எனக்குப் படம் போட்டுக் காட்டினாய். எதிரி அனுப்புகிறதை ராடார் பார்க்கும். அது எங்கே போய் விழும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். வீடுகள் மேல் விழப்போகிறது என்றால் நாம் ஏவுகணையை விடுவோம். காலி இடத்தில் விழப்போகிறது என்றால் விழட்டும் என்று விட்டுவிடுவோம். அவன் அனுப்புவது நிறைய, நம்மிடம் இருப்பது கொஞ்சம், அதனால் அப்படி என்றாய். காலி இடம் என்றால் எது என்று கேட்டேன். வயல், தரிசு, ஆற்றுப்படுகை, அந்த மாதிரி என்றாய். எனக்குச் சுருக்கென்றது. நாம் திருமுக்கூடல் பக்கத்து விவசாயக் குடும்பம். நடவு சமயத்தில் உன் தாத்தா வீட்டில் பூட்டுதான் தொங்கும். கைக்குழந்தை முதற்கொண்டு எல்லோரும் வரப்பில்தான். வீடு காலி, வயல் நிறைய ஜனம். "வயல காலி எடம்னு யார்ரா உனுக்குச் சொன்னது?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "அந்த லிஸ்ட்டு மேலேர்ந்து வருது நைனா, நாங்க டிசைட் பண்றது இல்ல" என்றாய். எந்த இடத்தைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று மேலே உட்கார்ந்து கோடு போடுகிறார்கள். தன் தொகுதி கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று ஒரு பெரிய மனிதர் சத்தம் போட்டு, மறுவாரமே உள்ளே சேர்த்துக்கொண்டார்கள் என்றும் சொன்னாய். அதை நீ ஒரு வேடிக்கையாகச் சொன்னாய். நீங்கள் வெறும் இயந்திரம் செய்கிறீர்கள், அரசியல் வேறு எங்கேயோ நடக்கிறது என்று இன்னமும் நம்புகிறாய். அந்தக் கோடுதானப்பா அரசியல். அதை உன் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி வைத்தது உன் கைதான்.

பெரிய விஷயம் வேண்டாம், நான் நிற்கிற கடையையே எடுத்துக்கொள். நான் பட்டாளத்திலிருந்து வந்து இங்கே சேர்ந்தபோது காவலுக்கு மூன்று பேர் இருந்தோம். அப்புறம் மூலைக்கு மூலை கேமரா வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே பின்வாசல் ஆள் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார் முதலாளி. சேலை எடுத்துப் போடுகிற பெண்கள் முன்பெல்லாம் பேச்சு ஒரு பக்கம் இருந்தாலும் ஒரு கண்ணை விரித்த சேலைகள் மேல் வைத்திருப்பார்கள். அதையும் கேமரா பார்த்துக்கொள்ளும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். முன்பு வாடிக்கையாளர் என்றால் எழுந்து நின்று பேசிய முதலாளி, இப்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்த ஒரு அம்மாளைப் பையைத் திறந்து காட்டச் சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டார். கேமரா திருடனை மாற்றியதோ இல்லையோ, முதலாளியை நன்றாக மாற்றிவிட்டது. அந்த அம்மாள் பையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும்தான் இருந்தது. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று வந்திருந்த அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நான் விமான எதிர்ப்புப் பிரிவில் சேர்ந்த காலத்தில் எங்களிடம் இருந்தது பழைய பீரங்கிதான். சத்தம் பெரிசு, குறி சுமார். வருகிறதில் பாதி எங்களைத் தாண்டிப் போய்விடும் என்று எங்களுக்கே தெரியும். அதனால் எந்த இடத்தில் போய் இறங்கினாலும் முதல் வேலை பதுங்கக் குழி வெட்டுவது. எங்களுக்கு வெட்டி முடித்ததும் பக்கத்துக் கிராமத்துக்குப் போய் அவர்களுக்கும் வெட்டிக் கொடுப்போம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகை ஓரத்தில், கிணற்றடியில். நிலைமை மோசமாகும் என்று தெரிந்தால், பெண்களையும் பிள்ளைகளையும் வயசானவர்களையும் டிராக்டரில் ஏற்றி உள்ளே தள்ளியிருக்கிற சொந்தக்காரர் ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று நாங்களே சொல்லுவோம். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. மேலே இருந்தவர்களும் அப்போது கொஞ்சம் அளந்துதான் பேசினார்கள். ஒரு வார்த்தை அதிகமாகப் பேசினால் எத்தனை கிராமத்தைக் காலி செய்ய வேண்டிவரும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டைப் போட்டுவிட்டுப் போனவன் திரும்பி வந்து கேள்வி கேட்பான், அவனுக்கு ஓட்டும் இருக்கிறது.

பிறகு எங்கள் பேட்டரிக்கு, அதாவது எங்கள் பீரங்கிப் படைக்குழுவுக்கு, புது ஏவுகணை வண்டிகள் வந்தன. அந்த வருஷ ஆயுத பூசைக்கு ஒவ்வொரு ஏவுகணையையும் நான்தான் துணியால் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். இனிமேல் ஒரு காக்காய்கூட எங்களைக் கேட்காமல் தாண்டாது என்று உன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாறியது. முதல் நாள் குழி வெட்டுவது என்றிருந்தது, நேரம் இருந்தால் வெட்டலாம் என்றாயிற்று. கிராமத்தில் போய் வெட்டிக் கொடுப்பது வேண்டாம், ஜனங்கள் பார்த்தால் பயப்படுவார்கள் என்றார்கள். ஊரைக் காலி செய்யச் சொல்லும் பேச்சே நின்றுபோயிற்று. ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது, எனக்கும் சேர்த்து. மண்வெட்டி பிடிக்க வேண்டாமே என்று சந்தோஷம் வேறு. அங்கே தலைநகரத்தில் பேச்சு மட்டும் ஏறிக்கொண்டே போனது. முன்பு நாலு பேரைக் கூட்டிவைத்து யோசித்துப் பேசிய விஷயங்களை மேடையிலேயே மைக்கில் பேசினார்கள். ஒரு நாள் ஒரு பெரிய தலைவர், எல்லை மாவட்டத்திலிருந்து ஒரு குடும்பம்கூட நகரவில்லை, அவ்வளவு நம்பிக்கை என்று பேசிவிட்டார். ரேடியோவில் நாங்கள் கேட்டோம். அவர் பேசிய அன்றைக்கு எங்கள் முகாமை ஒட்டியிருந்த கிராமத்தில் ஏழெட்டு டிராக்டரில் கட்டில், பாத்திரம், கோதுமை மூட்டை எல்லாம் ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஒரு உத்தரவு வந்தது. போனில் வந்தது, எழுத்தில் வரவில்லை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரோட்டை ஒட்டிய மைதானத்தில் வாலிபால் ஆட வேண்டும். சீருடை வேண்டாம், பனியனோடு ஆடுங்கள். துவைத்த துணியை வெளியில் ரோட்டுக்குத் தெரியும்படி காயப்போடுங்கள். எங்கள் சுபேதார் இதைச் சொன்னபோது இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், அவர் சிரிக்கவில்லை. நான் அந்தக் காலத்தில் நன்றாக ஆடுவேன், உனக்குத் தெரியும், எகிறி அடித்தேன் என்றால் எதிர்ப்பக்கம் எவனும் நிற்க மாட்டான். ஆக, உத்தரவின் பேரில் எகிறி எகிறி அடித்தேன். முதல் நாள் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். இரண்டாம் நாள் ஆண்கள் வந்து ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். பட்டாளத்துக்காரனே பனியனோடு குதித்துக்கொண்டிருக்கிறான், நமக்கு என்ன பயம் என்று மூன்றாம் நாள் டிராக்டரிலிருந்து கட்டில்கள் இறங்க ஆரம்பித்தன. நாங்கள் ஜெயித்துவிட்டதாக எங்களுக்கு அன்றைக்கு லங்கரில், அதாவது பட்டாளச் சமையல்கூடத்தில், அல்வா கிண்டிப் போட்டார்கள்.

அந்த ஊரில் பல்தேவ் என்று ஒருவர். எங்கள் வண்டி நின்றது அவர் நிலத்துக்குப் பக்கத்தில்தான். பெரிய பித்தளைக் குவளை நிறைய மோர் கொண்டுவந்து கொடுப்பார். நான் சொல்லிக் கொடுத்து, என்னைப் பார்த்தால் "இன்னாப்பா" என்பார். அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வாரத்துக்கு இரண்டு நாள் ரொட்டியும் கீரையும் அனுப்புவார்கள். பல்தேவ் மட்டும் மூன்றாம் நாளும் மூட்டையை இறக்கவில்லை. ஆட்டம் முடிந்து நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். மற்றவர்கள் எல்லோரும் இறக்கிவிட்டார்கள், நீ எனக்குத் தெரிந்தவன், உண்மையைச் சொல், போகவா இருக்கவா என்று கேட்டார். அவர் பாஷையில்தான் பேசிக்கொண்டோம். நான் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "நாங்க இங்க இருக்கும்போது நீங்க எங்க போவப் போறீங்க?" என்றேன். நன்றாகக் கேட்டுக்கொள். ஆடச் சொல்லித்தான் உத்தரவு. இப்படிச் சொல்லச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அது என் வாயிலிருந்து, என் சொந்தத் திமிரிலிருந்து வந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய் மூட்டையை இறக்கினார்.

இரண்டு நாள் கழித்துப் பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பக்கமிருந்து ஆளில்லாத வேவு விமானம் ஒன்று வந்தது. எங்கள் வண்டி ஏவுகணையை விட்டது. நீ சின்ன வயசில் எத்தனையோ தடவை என்னைக் கேட்டிருக்கிறாய், அன்னிக்கு அடிச்சீங்களா நைனா என்று. அடித்தோம். சரியாகத்தான் அடித்தோம். வானத்தில் ஒரு வெளிச்சம், நாங்கள் எல்லோரும் கட்டிப்பிடித்துக் கத்தினோம். உடைந்தது எல்லாம் கீழேதானே வர வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. பல்தேவின் மாட்டுக் கொட்டகைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அண்ணி எருமையிடம் பால் கறந்துகொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பால் செம்பு கவிழாமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் கிடந்த இரும்பில் எங்கள் ஏவுகணையின் பச்சைப் பெயிண்ட் இருந்தது; எண் இருந்தது; அந்த எண் மேல் நான் சந்தனம் வைத்திருக்கிறேன். அறிக்கையில், எதிரி விமானத்தின் உடைந்த பாகம் விழுந்து ஒரு பெண் மரணம் என்று எழுதினார்கள். என்னைக் கூப்பிட்டு என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். புகையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்றேன். கேட்ட அதிகாரிக்கு நிம்மதியாகப் போயிற்று. எனக்கும்தான்.

பல்தேவ் மறுநாள் முகாமுக்கு வந்தார். அவர் கத்துவார், அடிப்பார், சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்து நான் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "முந்தாநாள்கூட ஆடினீங்களே" என்றார். குற்றம் சொல்வதுபோலக்கூட இல்லை, தனக்குப் புரியாத ஒன்றைக் கேட்பதுபோல் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திரும்பிப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் மோர் கொண்டுவரவில்லை. நானும் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. மன்னிப்பு கேட்டிருக்கலாம். கேட்டால், அது எங்கள் இரும்பு என்று சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் பத்திரம் போய்விடும்.

ஆமாம், பத்திரம். எதிரி விமானத்தை வீழ்த்திய பேட்டரி என்று எங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதைத்தான் கண்ணாடி போட்டு நம் வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்தாள் உன் அம்மா. நீ அதற்குக் கீழே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாய். இந்த வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோதும் எங்க நைனா இப்படி என்று அதைத்தான் சொன்னதாக வந்து சொன்னாய். நான் அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு வேலை கிடைக்கிற நேரத்தில் எதற்கு என்று இருந்துவிட்டேன். போன திங்கட்கிழமை அதைக் கழற்றிப் பீரோவுக்கு மேலே போட்டேன். சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பத்திரத்தோடு விஷயம் முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மேலே இருந்தவர்கள் அன்றைக்கு ஒன்று கற்றுக்கொண்டார்கள்: கருவி வேலை செய்கிறது, ஜனங்களை நகர்த்தத் தேவையில்லை, எனவே இன்னும் கொஞ்சம் துணியலாம். செத்தது ஒரு பொம்பளை, அதுவும் எதிரி இரும்பில் என்று காகிதத்தில் இருக்கிறது. அடுத்த முறை பதற்றம் வந்தபோது ஊரைக் காலி செய்வதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பேச்சுவார்த்தைக்கு என்ன அவசரம் என்று கேட்டார்கள். அந்தப் பக்கத்துக்காரனும் சும்மா இருக்கவில்லை. ஒன்று அனுப்பினால் அடிக்கிறார்கள், கூட்டமாக அனுப்புவோம் என்று அவன் கற்றுக்கொண்டான். நீயே சொன்னாய், அவன் இப்போது மலிவாகச் செய்து மொத்தமாக அனுப்புகிறான், அதற்குத்தான் எங்களுடைய புதுக் கருவி என்று. அவன் எதற்கு அப்படிச் செய்ய ஆரம்பித்தான் என்று யோசித்தாயா? நீ செய்வதைப் பார்த்து அவன் இன்னொன்று செய்வான். அவனிடம் கேட்டால் அவனும் தற்காப்பு என்றுதான் சொல்வான்.

உன் கருவி வேண்டாம் என்று சொல்ல நான் கிறுக்கன் இல்லை. அது நிறைய உயிரைக் காப்பாற்றும். அந்த ஊரில் நான் குடியிருந்தால் அது தலைக்கு மேலே இருக்க வேண்டும் என்றுதான் நானும் கேட்பேன். ஆனால் கருவி இருக்கிற தைரியத்தில், செய்ய வேண்டிய மற்றதையெல்லாம் கைகழுவிவிடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். நம் ஊரிலேயே அந்தக் காலத்தில் படையெடுப்பு வருகிறது என்றதும் பெருமாளைப் பிணம்போலப் பாடையில் கட்டி மறைத்துத் தெற்கே தூக்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்வார்கள். கடைக்கு வருகிற சின்ன காஞ்சிபுரத்துக் கோயில் குடும்பத்து வாத்தியார் ஒருவர் இதைப் போன வாரம்கூடச் சொன்னார். அவ்வளவு உயர மதில் சுற்றி இருக்கிறது. இருந்தும், மதில் இருக்கிறதே, சாமி எங்கேயும் போகக் கூடாது, போனால் மதிலுக்கு அவமானம் என்று அவர்கள் நினைக்கவில்லை. மதிலும் இருந்தது, தூக்கிக்கொண்டு போகிற புத்தியும் இருந்தது.

நீ வேலையை விட வேண்டாம். விட்டால் அந்த நாற்காலியில் உன்னைவிடக் குறைவாகக் கேள்வி கேட்கிற ஒருவன் வந்து உட்காருவான். நீ போய்க் கேள். எந்த மாதத்தில் எந்த வயலில் ஜனம் இருக்கும் என்று அந்த ஊர் விவசாயியைக் கேட்டு உன் கோட்டைத் திருத்து. அடித்த பிறகு உடைந்தது எங்கே விழும் என்பதையும் உன் வெற்றிக் கணக்கில் எழுது. கருவி இருந்தாலும் குழி வெட்டு, கருவி இருந்தாலும் பிள்ளைகளை அனுப்பு என்று அறிக்கையில் உன் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேர். உன் மேலதிகாரிக்குப் பிடிக்காது. நம் கருவி மேல் உனக்கே நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்கள். பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போகும், போகட்டும்.

ஆனால் மதியைக் கூட்டிக்கொண்டு போகாதே, எங்களிடம் விட்டுவிட்டுப் போ. அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில் மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஏன் தெரியுமா? உன் கம்பெனி அறிக்கையை மூன்றாம் முறை படித்தபோது கடைசிப் பக்கத்தில் குவார்ட்டர்ஸ் வசதிகள் என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருந்ததைப் பார்த்தேன். மாடுலர் கிச்சன், கார் நிறுத்துமிடம், அதற்குக் கீழே, ஒவ்வொரு வீட்டிலும் தரைக்கு அடியில் கான்கிரீட் பாதுகாப்பு அறை. சைரன் அடித்தால் நீயும் சுகந்தியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடுவீர்கள். பத்திரிகையில் உன் பெண்ணின் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டிய மூட்டையை அவிழ்த்து, தன் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் போகிற அந்த ஊர்த் தாய்க்கு இறங்கிப் போகப் படி கிடையாது.

நான் சொல்வது உனக்கு அதிகப்படியாகத் தோன்றினால் ஒன்று செய். போட்டோ எடுக்க வருகிறவர்களிடம், வீட்டு வாசலில் வேண்டாம், கீழே அந்தக் கான்கிரீட் அறையின் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முன்னால் நிற்க வைத்து எடுங்கள் என்று கேட்டுப் பார். உன் கம்பெனி சரி என்று சொன்னால் மதியை நானே ரயிலேற்றிக் கூட்டிவந்து உன் கையில் கொடுக்கிறேன்.

சொல்ல மாட்டார்கள்.

நைனா